திருத்துவதும் திருந்துவதும்: கையில் உள்ளதைக் கொப்பியில் பிரித்தெடுக்கும் முறை

மார்கழி மாதத்தில் திருகோணமலைப் பட்டினத்தை அடுத்த உப்புவெளிக் கடற்கரையில் நடந்தால், வாடைக்காற்று எழுப்பும் அலைகள் எட்டாத தூரத்தில் கரையேற்றி வைத்த வள்ளங்களின் மறைவில் இரண்டு மூன்று பேர் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பதைக் காணலாம். என் அயலில் வசிக்கும் மீனவர் ஒருவரின் கைவேலையை அவ்வாறு ஒரு நாள் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழிந்த இடத்தை அவர் உடனே கட்டத் தொடங்கவில்லை. ஓட்டையைச் சுற்றித் தொங்கிய நூல்களை முதலில் சிறு கத்தியால் வெட்டி, நல்ல முடிச்சு இருக்கும் இடம் வரைக்கும் ஓட்டையைப் பெரிதாக்கினார். அதன் பின்னரே மூங்கில் துண்டு ஒன்றை அளவுக்கு வைத்து ஒவ்வொரு கண்ணாகக் கட்டிக்கொண்டு வந்தார். கடல் எப்போது அடங்கும் என்று தெரியாத நிலையில் இவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகின்றது என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமலே, "கடலைக் கேட்டோ தம்பி வலை பொத்துறது?" என்றார்.

அவர் வலையில் செய்ததைக் கொப்பியில் செய்யும் முறையை இங்கே எழுதுகின்றேன். நம்மை வாட்டும் விடயத்தில் நம் கையில் உள்ள பகுதி எது, இல்லாத பகுதி எது என்று பிரித்து, உள்ள பகுதியில் மட்டும் நாளைய உழைப்பைச் செலுத்துவதற்கான வழி இது. "உன்னால் முடியாததை விட்டுவிடு" என்ற அறிவுரையைக் கேட்காதவர் எவரும் இல்லை. கேட்ட மாத்திரத்தில் விட்டுவிட்டவரை நான் இன்னும் கண்டதும் இல்லை. மனத்துக்குள்ளேயே பிரிக்க முயல்வதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கின்றேன். மனத்துக்குள் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். தாளில் இறக்கினால்தான் நூல் நூலாகப் பிரியும்.

கொப்பியைத் திறத்தல்

எண்பது பக்கக் கொப்பி ஒன்றும் பேனை ஒன்றும் போதும். தொலைபேசியில் எழுத வேண்டாம். எழுதத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் வட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் அனுப்பிய காலை வணக்கம் வந்து குறுக்கே நிற்கும், அதுவும் இரவு ஒன்பது மணிக்கு. கொப்பியை விரித்தால் இடப்பக்கம், வலப்பக்கம் என இரண்டு கிடைக்கும். இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, மனத்தை அரிக்கும் விடயத்தை முதலில் வலப்பக்கத்தில், வாயில் வருகின்றபடியே எழுதுங்கள். நாகரிகமாக எழுத முயல வேண்டாம், நியாயமாக எழுதவும் முயல வேண்டாம். வலை பொத்துகின்றவர் ஓட்டையைப் பெரிதாக்கியதைப் போல, சிதைந்த நூல் அனைத்தும் வெளியே வரும் வரைக்கும் எழுத வேண்டும். நம் கையில் உள்ளதை எழுதுவதற்கான இடப்பக்கம் அதுவரை வெறுமையாகவே இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக, உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மகள் ஒருத்தியின் தாய் எழுதிய வலப்பக்கத்தை, அவருடைய அனுமதியுடன் இங்கே தருகின்றேன்: "பிள்ளை படிக்கின்றாள் இல்லை. இந்த முறை வெட்டுப்புள்ளி கூடும் என்கின்றார்கள். இவர் எதையும் கண்டுகொள்வதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை விடிய நாலு மணிக்கு எழும்புகின்றாளாம். எனக்கு நித்திரை வருவதில்லை. எப்படியாவது இவளைப் படிக்க வைக்க வேண்டும்."

இலக்கணத்தால் சோதித்தல்

பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காக மட்டும் படித்த இலக்கணம் இந்த இடத்தில் உதவுகின்றது. ஒவ்வொரு வசனத்திலும் எழுவாயைத் தேடி அடிக்கோடிடுங்கள். மேலே உள்ள வசனங்களில் எழுவாயாக வருபவர்கள் பிள்ளை, வெட்டுப்புள்ளி, இவர், பக்கத்து வீட்டுப் பிள்ளை, நித்திரை. "என்கின்றார்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கின்றார்கள் என்பதே தெரியவில்லை. தோன்றா எழுவாய் என்று நாம் படித்தது இதைத்தான். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் பெரும்பாலும் இந்தத் தோன்றா எழுவாயில்தான் குடியிருக்கின்றது. சொன்னவரின் பெயரை எழுத முயன்று பார்த்தால், பல வேளைகளில் ஒரே ஒரு மாமியின் பெயர்தான் மிஞ்சும்.

"நான்" எழுவாயாக வரக்கூடிய வசனம் கடைசி ஒன்றுதான். ஆனால் அதையும் இடப்பக்கத்துக்கு அனுப்ப முடியாது, ஏனெனில் "படிக்க வைக்க வேண்டும்" என்பது பிறவினை. படிப்பது தன்வினை, படிப்பிப்பது பிறவினை. மாறுவது தன்வினை, மாற்றுவது பிறவினை. அடங்குவது தன்வினை, அடக்குவது பிறவினை. திருந்துவதற்கும் திருத்துவதற்கும் இடையில் இருப்பது ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்துக்குள் எத்தனையோ குடும்பங்களின் ஆண்டுக்கணக்கான சச்சரவு அடங்கியிருக்கின்றது. இன்னொருவரின் மனம் சம்மதித்தால்தான் நிறைவேறும் எந்த வினையும், எழுவாய் "நான்" ஆகவே இருந்தாலும், வலப்பக்கத்துக்கு உரியது. அவரைப் புரிய வைப்பேன், அம்மாவைச் சம்மதிக்க வைப்பேன், தம்பியின் குடியை நிறுத்துவேன் என்பவை எல்லாம் அன்பினால் பிறந்த வசனங்கள்தான். ஆயினும் அவற்றின் சாவி மற்றவரின் மடியில் இருக்கின்றது.

மூன்றாவது சோதனை, வினை கண்ணுக்குத் தெரிகின்றதா என்பது. "பொறுமையாக இருப்பேன்", "முயற்சி செய்வேன்", "கோபப்பட மாட்டேன்" ஆகியவற்றை அயலவர் ஒருவர் சன்னல் வழியே பார்த்து, செய்தார் அல்லது செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆகவே அவையும் தள்ளுபடி. நேரமும் இடமும் சொல்லக்கூடிய, உடம்பால் செய்யக்கூடிய வினையே இடப்பக்கத்துக்கு வர வேண்டும். பட்டினத்தில் திரியும் புள்ளிமான்கள் முற்றத்துச் செடிகளை மேய்ந்துவிட்டால், மான்களைப் பற்றியும் அவற்றை அலைய விட்டவர்களைப் பற்றியும் வலப்பக்கத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். இடப்பக்கத்தில் எழுத வேண்டியது, "மாலை ஆறு மணிக்குப் படலையைக் கொளுவுவேன்" என்பது மட்டுமே.

அந்தத் தாய்க்கு இடப்பக்கம் நிரம்ப நான்கு நாட்கள் எடுத்தன. முதல் மூன்று நாட்களும் வெட்டுப்புள்ளியைப் பற்றியே பேசினார். வெட்டுப்புள்ளி, அதாவது பல்கலைக்கழகப் பாடநெறி ஒன்றுக்கு அனுமதி பெறத் தேவையான மிகக் குறைந்த புள்ளி, எவர் கையிலும் முன்கூட்டியே இருப்பதில்லை: பெறுபேறுகள் வந்து, பரீட்சைக்குத் தோற்றிய எல்லோருடைய இசட் புள்ளிகளும் (பாடங்களை ஒப்பிடுவதற்காகத் தரப்படுத்திய புள்ளிகள்) கணக்கிடப்பட்ட பின்னரே பாடநெறி வாரியாக, மாவட்ட வாரியாக அது தீர்மானமாகின்றது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதமானவை கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன; திருகோணமலையும் அந்தப் பட்டியலில் உள்ளது. இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் ஒரு முறை தெரிந்துகொண்ட பின், இரவு பதினொரு மணிக்கு மகளின் அறைக் கதவில் சாய்ந்து நின்று அதையே மீண்டும் சொல்வதனால் எந்தப் புள்ளியும் கூடாது. கடைசியில் அவர் இடப்பக்கத்தில் எழுதியவை மூன்று: இரவு ஏழு மணிக்குத் தொலைக்காட்சியின் செருகியைக் கழற்றி அலுமாரியில் வைப்பேன், விடிய ஐந்து மணிக்குத் தேநீரை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குசினிக்குத் திரும்புவேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் நாவில் வந்தால், ஒரு மிடறு தண்ணீர் குடிப்பேன். மூன்றாவதுதான் மிகக் கடினமாக இருந்தது என்று பின்னர் சிரித்துக்கொண்டே சொன்னார். மகள் படித்தாளா என்று கேட்பீர்கள். அது மகளின் கொப்பி. அதை நான் பார்க்கவில்லை.

மனநிலையை எந்தப் பக்கத்தில் எழுதுவது

இந்தப் பிரிவினை புதிதன்று. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் உரோமில் அடிமையாக வாழ்ந்து, விடுதலை பெற்று, பின்னர் கிரேக்க மண்ணில் நிக்கொப்பொலிஸ் என்ற நகரில் பாடம் சொன்ன எப்பிக்ரேற்றஸ் என்பவர், நம் எண்ணமும் விருப்பும் வெறுப்பும் நமக்கு உரியவை, உடம்பும் உடைமையும் நற்பெயரும் பதவியும் நமக்கு உரியவை அல்ல என்று கோடு கிழித்தார். அடிமையாக இருந்தவர் அவ்வாறு சொன்னதில் ஒரு வீம்பும் இருக்கின்றது, அதை மதிக்கின்றேன். ஆனால் என் அனுபவத்தில் விருப்பும் வெறுப்பும் அவ்வளவு சொல்வழி கேட்பவை அல்ல. அலுவலகத்தில் ஒருவர் ஏளனமாகப் பேசினால் காது சூடாவதை நான் நிறுத்த முடியாது. சூடான காதோடு என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் ஓரளவு தீர்மானிக்கலாம். ஆகவே எழும் உணர்ச்சியை வலப்பக்கத்திலும், எழுந்த பின் கை செய்வதை இடப்பக்கத்திலும் எழுதுகின்றேன். கோபம் வந்தது என்று தன்னைத் தானே கடிந்துகொள்வதும் ஒரு வகையில் பிறவினைதான். நமக்குள் இருக்கும் இன்னொருவரைத் திருத்தப் போகின்றோம்.

பெற்றோல் வரிசையும் சைக்கிளும்

நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022 ஆனி மாதத்தில் நானும் மோட்டார் சைக்கிளோடு பெற்றோல் வரிசையில் இரண்டு இரவுகள் படுத்திருந்தேன். அந்த நாட்களின் வலப்பக்கங்களை இப்போது வாசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கின்றது. அரசாங்கம், கப்பல், டொலர், வரிசைக்குள் புகுந்த முச்சக்கரவண்டிக்காரர் என மூன்று பக்கத்துக்கு எழுவாய்கள் அணிவகுத்து நிற்கின்றன, அவற்றில் ஒன்றேனும் என் சொல் கேட்பதாக இல்லை. ஆடி மாதத்தில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று அறிவித்தார்கள். அன்று இரவு இடப்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "பழைய சைக்கிளின் பின்சில்லுக்கு ரியூப் மாற்றி, ஆறேகாலுக்குப் புறப்படுவேன்." உப்புவெளியிலிருந்து பட்டினம் நான்கைந்து கிலோமீற்றர்தான், நிலாவெளி வீதியில் அந்த நேரத்தில் வாகனமே இல்லை. நாட்டின் நெருக்கடி அதனால் ஓர் அங்குலமும் குறையவில்லை. முழங்கால் வலித்தது. ஆனால் வரிசையில் நின்று எரிந்த நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது, இரவில் நித்திரையும் வந்தது.

இந்தக் கதையை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய மாதத்திலேயே சைக்கிள் மீண்டும் கொட்டிலுக்குப் போய்விட்டது. நெருக்கடி தள்ளியதால் செய்த காரியம், நெருக்கடி நீங்கியதும் நின்றுவிட்டது. தன்னை மாற்றுவது என்பது ஒரு நாள் எழுதிய வரியை ஒரு பழக்கமாக ஊன்றுவது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அதற்குக் கைகொடுக்கும் ஒரு முறையை ஜெர்மானிய உளவியலாளர் பீற்றர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதினார். "இன்ன வேளை வந்தால், இன்னதைச் செய்வேன்" என்று வேளையையும் செயலையும் ஒரே வசனத்தில் முடிச்சுப் போடுவதே அது. தமிழுக்கு இது மிக இயல்பாக வரும்: "பல் துலக்கியதும் சைக்கிளை வெளியே எடுப்பேன்", "அண்ணா குரலை உயர்த்தினால் எழுந்து முற்றத்துக்குப் போவேன்." ஏற்கெனவே நாள் தவறாமல் நடக்கும் ஒன்றை முன்பாதியாக வைப்பதில்தான் இதன் பலம் இருக்கின்றது, "நேரம் கிடைத்தால்" என்று தொடங்கும் வசனத்துக்கு எந்தப் பலமும் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 96 பேரைக் கொண்டு செய்த ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் தன்போக்கில் நடக்கும் பழக்கமாக மாறுவதற்குப் பொதுவாக 66 நாட்கள் அளவில் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. இருபத்தொரு நாளில் மாறிவிடலாம் என்று சொல்பவர்களை நம்பித் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த எண்கள் ஆறுதல் தரக்கூடும். இடையில் ஒரு நாள் தவறியதனால் பழக்கம் ஊன்றுவது பெரிதாகக் கெட்டுவிடவில்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு நாள் தவறினால் கொப்பியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் ஊன்ற வேண்டாம்.

வலப்பக்கம் குப்பைத்தொட்டி அன்று

இந்த முறையைப் பற்றி அறிந்த நண்பர் ஒருவர், "அப்படியென்றால் அநியாயம் நடந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கின்றீரோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விளைவு நம் கையில் இல்லை என்பதற்காக, விளைவை நோக்கிய செயலும் நம் கையில் இல்லை என்று ஆகிவிடாது. முறைப்பாடு எழுதுவது தன்வினை. அதற்கு நல்ல பதில் வர வைப்பது பிறவினை.

எனக்கே நேர்ந்ததைச் சொல்கின்றேன். எனக்கு வர வேண்டிய சம்பள நிலுவை தொடர்பான கோவை ஓர் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகள் கிடந்தது. மாதம் ஒரு முறை தொலைபேசியில் அழைப்பேன். "மேசையில் இருக்கின்றது" என்பார்கள். அன்று முழுவதும் வீட்டில் உள்ளவர்கள் மேல் எரிந்து விழுவேன். கொப்பியில் எழுதிப் பார்த்தபோதுதான், நான்கு ஆண்டுகளில் நான் எழுத்தில் ஒன்றுமே கேட்கவில்லை என்பது தெரிந்தது. இடப்பக்கத்தில் இரண்டு வரிகள் எழுதினேன்: கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியைக் கோவைப்படுத்துவேன், ஒரு மாதத்தில் பதில் இல்லையெனில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பேன். அச்சட்டத்தின்படி, கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதன் பின் ஆணைக்குழுவுக்கும் போகலாம். தகவல் கேட்டபோது பதில் வந்தது. கோவையில் ஒரு சான்றிதழ் குறைவாம். அதை இணைக்காமல் விட்டவன் நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு அது பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. நான்கு ஆண்டுகளாக அந்தக் குறையை எனக்கு அறிவிக்காதது அவர்களின் பிழைதான். அது இன்றும் வலப்பக்கத்திலேயே இருக்கின்றது.

இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாத இடங்கள்

அடியும் அச்சுறுத்தலும் உள்ள வீட்டில், "நான் எப்படி மாறினால் அவர் அடிக்காமல் இருப்பார்" என்று எவரும் கொப்பியில் எழுதக் கூடாது. அது பிறவினையைத் தன்வினையாக வேடமிட வைப்பது. அடிப்பவரின் எழுவாயை அடிபடுபவரின் தலையில் ஏற்றுவது. அங்கே இடப்பக்கத்துக்கு உரிய வரி, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வதும், பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்தை அழைப்பதும், பாதுகாப்பான இடத்துக்குப் போவதும்தான். பல வாரங்களாக நித்திரையும் பசியும் இல்லாமல், உயிரை வெறுக்கும் எண்ணம் வருபவர்களும் கொப்பியோடு தனியே இருக்க வேண்டாம்; 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

துயரத்துக்கும் இதைக் கொண்டு போகாதீர்கள். 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் எடுத்துச் சென்றவர்களின் படங்கள் இந்தக் கரையோர வீடுகள் பலவற்றில் இன்றும் மாலையோடு தொங்குகின்றன. அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டு, உங்கள் கையில் உள்ளதைப் பாருங்கள் என்று சொல்வதை விட, கொடுக்கின்ற தேநீரைக் குடித்துவிட்டுச் சற்று நேரம் இருந்துவிட்டு வருவது மேல்.

மாதத்துக்கு ஒரு முறை

கொப்பியை நாள்தோறும் எழுதினாலும், திருப்பி வாசிப்பதை மாதத்துக்கு ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு முழுநிலா நாளில் வரும் போயா விடுமுறை வசதியாக வாய்த்திருக்கின்றது. அந்த நாளை நினைவில் வைக்கக்கூட வேண்டியதில்லை. காலையில் கொப்பியை எடுத்து, இடப்பக்கத்தில் செய்து முடித்தவற்றை வெட்டுங்கள். வெட்டாமல் மூன்று மாதம் தொடர்ந்து நிற்கும் வரி ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் வேடமிட்ட பிறவினையாக இருக்கும், அல்லது நீங்கள் விரும்பாமல், விரும்ப வேண்டும் என்பதற்காக எழுதியதாக இருக்கும். அதை வலப்பக்கத்துக்கு மாற்றிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வலப்பக்கத்தையும் வாசியுங்கள். சென்ற மாதம் நித்திரையைக் கெடுத்த பெயர்களில் சில, இப்போது யாரைக் குறித்தவை என்றே நினைவுக்கு வராது. சில பெயர்கள் ஒவ்வொரு மாதமும் திரும்பத் திரும்ப வரும். அவற்றைப் பற்றி மட்டும், எழுத்தில் கேட்கவோ நேரில் பேசவோ இன்னும் ஏதேனும் மிச்சமிருக்கின்றதா என்று ஒரு முறை பார்க்கலாம்.

சென்ற போயாவன்று என் இடப்பக்கத்தில் வெட்டப்படாமல் நின்றவை இரண்டு. ஒன்று, பல் துலக்கியதும் சைக்கிளை வெளியே எடுப்பது. அந்த மாதத்தில் பதினேழு நாட்கள் எடுத்திருக்கின்றேன். மற்றது படலை. அதற்குப் புதுக் கொளுக்கி வாங்க வேண்டும், மான்கள் பழையதைத் தள்ளித் திறக்கப் பழகிவிட்டன.